உப்புக் கண்ணாடி

போன வாரம் உக்கடத்தில் செருப்பு வாங்கினேன். பெட்டிக்குள் சின்னப் பொட்டலம் ஒன்று. உள்ளே நீல மணிகள். கடைக்காரர் தூக்கிப் போடப் போனார். "குடுங்க" என்று வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஒரு மாதிரி பார்த்தார்.

ஈரத்தை இழுக்கிற மணி அது. காய்ந்திருந்தால் நீலம், ஈரம் ஏறினால் ரோஸ். எட்டாவதோடு நின்றவனுக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் தெரியாமல்தான் இருந்தது. அப்போது செய்த கூத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

காலேஜில் லேத் பட்டறையில் இருந்தவனை இயற்பியல் லேபுக்கு அட்டெண்டராக மாற்றினார்கள். அங்கே ஸ்டெல்லா என்று ஒரு பெண் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தது. கிணத்துக்கடவிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும். ஒரு குழாயில் அம்மோனியா வாயுவை அடைத்து, அதற்குள் வெளிச்சத்தை விட்டு, மெஷினில் கோடு கோடாக எடுக்கும். குழாயைத் திறந்தால் மாட்டுக் கட்டுத்தரை வாசம். காலையில் சாணி அள்ளும் முன்னே மூக்கில் குத்துமே, அதேதான்.

"இந்த வாசத்தையா அம்மணி மூணு வருசமாப் படிக்கறீங்க?" என்றேன் ஒரு நாள்.

"ஆமாங்கண்ணா. மேல சுத்தற சாட்டிலைட்டுக்கு மூக்கா இருக்குது? காத்துல என்ன வாயு இருக்குதுன்னு கோட்டை வெச்சுத்தான் கண்டுபுடிக்கும். எந்த வாயுவுக்கு எந்தக் கோடுன்னு உலகத்துக்கே ஒரு பட்டியல் இருக்குதுங்க. அதுல கொஞ்சம் எடம் காலியாக் கெடக்குது."

அந்த இடத்தை நிரப்பத்தான் அந்தப் பெண்ணின் மூன்று வருடமும். இன்னும் இருபது நாளில் கணக்கு முடித்துப் பட்டியலுக்கு அனுப்ப வேண்டும். பிறகு மெஷின் வேறு ஆளுக்கு.

அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது. பட்டறைப் பழக்கம் விடுமா? லேபையே கழுவினேன். மேஜை, பம்பு, ஸ்பேனர் எல்லாம். ஒரு டப்பாவில் நீல மணிகளுக்கு நடுவே, குழாயின் இரு முனைக்கும் போடுகிற வட்டக் கண்ணாடிகள் இருந்தன. மணிகளைப் பூச்சிக்குப் போட்டது என்று நினைத்தேன். கண்ணாடிகளைத் தண்ணீரில் கழுவினேன். கை வழவழத்தது. அழுக்கு போகிறது என்று இன்னும் நன்றாகத் தேய்த்தேன். துடைத்து, ஓரத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன்.

லீவு முடிந்து வந்து ஸ்டெல்லா டப்பாவைத் திறந்தது. ஒரு கண்ணாடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தது; பால் ஊற்றியதுபோல் மங்கிக் கிடந்தது. நான் பொரிப் பொட்டலத்தோடு போய் நின்றேன்.

"அண்ணா, இது கண்ணாடி இல்லைங்க. உப்பு."

குழாய்க்குள் விடுவது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சமாம், சாதாரணக் கண்ணாடிக்குள் போகாதாம். உப்புக் கட்டியை அறுத்து மெருகேற்றிச் செய்வார்களாம். புதிது வர இரண்டு மாதம்.

புரொபசர் வந்தார். "யாருய்யா கழுவுனது?"

"நாந்தானுங்க சார்."

"டப்பாவைப் பூட்டாமப் போனது நானுங்க சார்" என்றது ஸ்டெல்லா.

அவர் கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தார். "பொட்டு வேற வெச்சுப்போட்டான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மெருகேற்றுவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை. ஸ்பிரிட்டும் மெருகுப் பொடியும் தொட்டுத் தேய்த்தேன். மூச்சுப் பட்டாலே மங்கும். வாயில் துண்டு கட்டிக்கொண்டு நான்கு நாள். வெளியே மழை. டப்பாவில் மணிகள் ரோஸாகிக்கொண்டே இருக்கும். மின்சாரத் தட்டில் வறுத்து நீலமாக்குவது ஸ்டெல்லா வேலை. "கடலை வண்டி போட்டுக்கலாங்கண்ணா" என்று சிரிக்கும். சிரிப்பு வந்ததே, அது போதும் எனக்கு.

கண்ணாடிக்குள் வெளிச்சம் நுழைந்தது. கோடுகளும் வந்தன, ஆனால் கொஞ்சம் கலங்கலாக. பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே, இதை எவ்வளவு நம்பலாம் என்று ஓர் எண் உண்டாம். அந்தப் பெண் குறைத்தே போட்டது.

"கம்மியாப் போட்டா எடுத்துக்குவாங்களா அம்மணி?"

"கூட்டிப் போட்டா சாட்டிலைட்டு பொய் சொல்லுங்கண்ணா."

எடுத்துக்கொண்டார்கள். ஒரு நாள் ஸ்டெல்லா அந்தப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் காட்டியது. எண்ணாக ஓடியது, எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தக் குறைந்த எண்ணில் விரல் வைத்து, "இது உங்குளுதுங்கண்ணா" என்றது.

இப்போது ஸ்டெல்லா வெளிநாட்டில். லேப் இருந்த இடத்தில் ஏசி போட்ட கம்ப்யூட்டர் அறை. நான் ரிட்டயர்டு. போன கிறிஸ்துமஸுக்குப் பேசியபோது சொன்னது: "யாரோ நல்லா அளந்துட்டாங்கண்ணா. புதுப் பட்டியல்ல நம்ம வரியெல்லாம் தூக்கிப்போட்டாங்க."

"நல்லதுதானுங்க அம்மணி" என்றேன். நல்லதுதான்.

இன்று அந்தப் பொட்டலத்தை எடுத்துப் பார்த்தேன். மணிகள் ரோஸாகியிருந்தன. வறுக்க அந்தத் தட்டு இல்லை.