ஏழு மணி நேரமும் ஒரு பிடி மண்ணும்

மால்டா நாட்டு வலெட்டா நகரத்தைப் பற்றி என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். கோட்டை மதில் எந்தப் பக்கம், துறைமுகத்தைப் பார்த்த தோட்டத்துக்கு எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும், விமான நிலையத்திலிருந்து நகர வாசலுக்கு எந்த பஸ், எல்லாம் அத்துப்படி. இவ்வளவுக்கும் நம்ம மலைக்கோட்டையில் நான் ஏறி முப்பது வருஷம் ஆகிறது. முட்டி வலிக்காரி நான். அந்த ஊர்க் கோட்டையில் எனக்கு என்ன வேலை? எனக்கு வேண்டியது அங்கே இருக்கும் ஒரு கல்லறை. என் தம்பியுடையது.

தம்பி சரக்குக் கப்பலில் சமையல்காரன். கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாம் என்று கடலிலேயே கிடந்தவன். கொரோனா சமயத்தில் கப்பல் மால்டா பக்கம் போனபோது நெஞ்சு வலிக்கிறது என்றிருக்கிறான். கரையில் இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் போய்விட்டான். அப்போது விமானமும் கிடையாது, உடலைக் கொண்டுவர வழியும் கிடையாது. மாலுமிகளைக் கவனித்துக்கொள்ளும் ஒரு ஃபாதர் அங்கேயே அடக்கம் செய்தார். காட்டூர் வீட்டில் அம்மாவும் நானும் அதை ஃபோனில் பார்த்தோம்.

எங்கள் வழக்கத்தில் பெட்டியைக் குழியில் இறக்கியதும் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பிடி மண் போட வேண்டும். மண் போடாமல் கல்லறையை விட்டு யாரும் நகர மாட்டார்கள். அம்மா வாசல் செம்பருத்திச் செடியடியில் ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு வந்து ஃபோன் முன்னால் நின்றாள்.

"இப்ப போடவாடி?" என்று கேட்டாள்.

"இரும்மா, ஃபாதர் செபத்தை முடிக்கட்டும்" என்றேன்.

நான்தான் சொன்னேன். அந்த நேரம் பார்த்து சிக்னல் போய்த் தொலைந்தது. திரும்பக் கிடைத்தபோது குழியை மூடியிருந்தார்கள். அம்மா பொழுது சாயும்வரை கையைப் பிரிக்கவே இல்லை. அப்புறம் அந்த மண்ணை ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். வருஷா வருஷம் நவம்பர் ரெண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு மேலப்புதூர் பக்கம் ஊரே மாலையும் மெழுகுவர்த்தியுமாகக் கிளம்பும்போது, அம்மா மட்டும் அந்த டப்பா முன்னால் உட்கார்ந்திருப்பாள்.

இந்த வருஷம் அந்த ஃபாதரிடமிருந்து மெயில் வந்தது. தம்பி கிடப்பது பொதுக் கல்லறையாம். இடம் பற்றாததால் அதைத் திறந்து எலும்புகளை எடுத்து, எல்லாருடையதையும் சேர்த்து ஓர் அறையில் வைத்துவிடுவார்களாம். இந்தக் கல்லறைத் திருநாள் முடிந்ததும் திறக்கப்போகிறார்கள். வர விரும்பினால் அதற்கு முன்னால் வாருங்கள் என்று எழுதியிருந்தார். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் எழுந்துபோய் டப்பாவை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள்.

"அவனைக் கலைக்கிறதுக்குள்ள இதைப் போட்டுட்டு வந்துடுடி. உன் கால்ல விழறேன்."

பெற்றவள் சொல்லும் பேச்சா இது? நான் ஆடிப்போய்விட்டேன்.

லண்டனில் இருக்கும் என் மகளுக்கு அப்போது நிறைமாசம். அக்டோபர் கடைசியில் நான் அங்கே போயே ஆக வேண்டும். போகிற வழியில் மால்டாவில் இறங்கிவிட்டுப் போக முடியுமா என்று கேட்க ஸ்ரீரங்கத்து டிராவல் ஏஜென்டிடம் போனேன். ஒரு காலத்தில் என்னிடம் கணக்குப் படித்தவர். இப்போது நெற்றி நிறையத் திருமண்ணும் காதில் ஹெட்ஃபோனுமாக, அரை ஊரை அமெரிக்காவுக்கு அனுப்பிவைக்கிறார். ஏழு மணி நேரம் நிற்கும்படி ஒரு டிக்கெட்டைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார். கல்லறை ஏர்போர்ட்டிலிருந்து நாலே கிலோமீட்டர்தான். வெளியே போய்வர விசா வேண்டும், அது ஒன்றுதான் பாக்கி.

"டீச்சர், அடியேன் சொல்றதைக் கேளுங்கோ" என்றார். "கல்லறைன்னு எழுதினேள்னா இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அங்கேருந்து லெட்டர்னு ஒண்ணொண்ணா கேப்பா. நாள் ஓடிப்போயிடும். ஊர் சுத்திப் பாக்கப் போறேன்னு போட்டுடுவோம். கண்ணை மூடிண்டு குடுத்துடுவா."

நம்ம ஊரில் எந்த ஃபாரமும் இப்படித்தானே நிரப்பப்படுகிறது? உள்ளதை எழுதினால் வம்பு, அவர்கள் கேட்க விரும்புவதை எழுது என்றுதான் எல்லாரும் சொல்கிறோம். முப்பது வருஷம் பிள்ளைகளைப் பொய் சொல்லாதே என்று மிரட்டியவள், சரி என்று தலையாட்டினேன். அவரும் நானும் உட்கார்ந்து திட்டம் போட்டோம். ஒன்பது மணிக்கு நகர வாசல், ஒன்பதரைக்குக் கதீட்ரல், பத்தரைக்குக் கோட்டை, பதினொன்றுக்குத் தோட்டத்தில் நின்று துறைமுகக் காட்சி. கேள்வி கேட்டால் உளறிவிடக் கூடாதே என்று மன்னார்புரம் வீட்டில் சமைத்துக்கொண்டே மனப்பாடம் செய்தேன். பருப்பு அடிபிடித்ததுதான் மிச்சம்.

சென்னை விசா ஆபீஸுக்கு டப்பாவையும் கைப்பையில் எடுத்துக்கொண்டு போனேன். ஏன் என்று கேட்காதீர்கள், வீட்டில் வைத்துவிட்டுப் போக மனசு வரவில்லை. கவுன்டரில் இருந்த பெண் என் திட்டத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏழு மணி நேரத்துல இவ்வளவும் பாத்துடுவீங்களா மேடம்?"

"பாத்துடுவேன்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

அவள் கொஞ்சம் தயங்கினாள். "வேற ஏதாவது லெட்டர் வைக்கணும்னா வைக்கலாம் மேடம். போற காரணம் எதாவது..."

டப்பா என் மடியில் இருக்கிறது. ஃபாதரின் மெயில் என் ஃபோனில் இருக்கிறது. "ஒண்ணுமில்லைங்க" என்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கிளம்ப ஆறு நாள் இருக்கும்போது பாஸ்போர்ட் திரும்பி வந்தது. விசா இல்லை. பயணத்தின் நோக்கம் நம்பும்படியாக இல்லை என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்திருந்தார்கள். எப்படி நம்புவான்? முட்டி வலிக்காரக் கிழவி ஒருத்தி பிரசவம் பார்க்கப் போகிற வழியில் தன்னந்தனியாகக் கோட்டை பார்க்கப் போகிறாளாம்! நானே நம்ப மாட்டேன். உண்மையை எழுதியிருந்தால் ஒருவேளை கொடுத்திருப்பார்கள். மறுபடி விண்ணப்பிக்க நாளில்லை. மகளின் பிரசவத்தைத் தள்ளிப்போட முடியுமா? ஏஜென்ட், "என் தப்பு டீச்சர், என் தப்பு" என்று ஃபோனில் அழுதேவிட்டார். அவரைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.

காட்டூருக்குப் போய் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தேன். அம்மா வாங்கிக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

"அப்ப அந்த ஊர் வழியா போக மாட்டியா?"

"போவேம்மா. ஏர்போர்ட்டை விட்டு வெளிய விட மாட்டாங்க."

"அங்கேருந்து எவ்வளவு தூரம்?"

"நாலு கிலோமீட்டர்."

"இங்கேருந்து திருவெறும்பூர் போற தூரம்தானே" என்றாள். டப்பாவை மாதா படத்துக்குப் பக்கத்தில் திரும்ப வைத்தாள்.

மால்டா ஏர்போர்ட்டில் அந்த ஏழு மணி நேரத்தையும் நான் ஒரு கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கழித்தேன். வெளியே நல்ல வெயில், மஞ்சள் கல் கட்டடங்கள். ஒன்பது மணிக்கு நகர வாசல், ஒன்பதரைக்குக் கதீட்ரல் என்று மனசு தானாக ஓடியது. செபமாலையை எடுத்தேன், ஓடவில்லை. மாதாவே, நாலு கிலோமீட்டர்! நடந்தேகூடப் போயிருப்பேனே, இந்த முட்டியை வைத்துக்கொண்டு.

பத்தரைக்கு அம்மா வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே மத்தியானம் தாண்டியிருக்கும். குளித்து, வெள்ளைப் புடவை கட்டி, முக்காடு போட்டிருந்தாள்.

"அந்த ஊர் மண்ணுலதானே நிக்கிற?"

"ஆமாம்மா."

"ஃபோனைத் தரையில வைடி."

நாலு பேர் பார்க்கிறார்களே என்று ஒரு விநாடி கூசினேன். அப்புறம் குனிந்து ஃபோனைத் தரையில் வைத்துவிட்டு, முட்டி கதறக் கதற அதன் பக்கத்தில் மண்டியிட்டேன். அம்மாவும் தன் ஃபோனைக் கீழே வைத்தாள் போல. முதலில் எங்கள் வீட்டு உத்தரம் தெரிந்தது. பிறகு அம்மாவின் முகம் மேலிருந்து எட்டிப் பார்த்தது. குழிக்குள் படுத்துக்கொண்டு பார்த்தால் இப்படித்தான் தெரியும்.

"இப்ப போடவாடி?"

இந்தத் தடவை நான் இரு என்று சொல்லவில்லை.

"போடும்மா. போடு."

அம்மாவின் மூடிய கை மேலே வந்து விரிந்தது. செம்மண் பொலபொலவென்று கேமரா மேல் விழுந்தது. உத்தரம் மறைந்தது, அம்மாவின் முகம் மறைந்தது, திரை முழுக்க இருட்டாயிற்று. சிக்னல் மட்டும் போகவில்லை. அந்த இருட்டுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"விழுந்துச்சா?"

"விழுந்துச்சும்மா."