யுரேனியம் ஃபண்டும் புதன்கிழமை ராகு காலமும்

மியூச்சுவல் ஃபண்ட் ஏஜென்ட் வேலையில் பாதி மாடிப்படி ஏறுவது. மீதி, நேற்று டிவியில் யாரோ சொன்னதற்கு இன்று நாம் பதில் சொல்வது. இதே தொழிலில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பட்ஜெட்டுக்கு மறுநாள்

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் சாலையில் செல்வராஜ் இருக்கிறார். பாய்லர் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அணுமின்சாரத்தில் தனியாரையும் உள்ளே விடப்போவதாக அரசு அறிவித்த மறுநாள், காலை ஆறே முக்காலுக்குப் போன் செய்தார். மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த ஆறு லட்சத்தையும் யுரேனியத்தில் போட வேண்டுமாம். கல்யாணம் தை மாதம்.

அறிவிப்பு வேறு, சட்டம் வேறு என்றேன். இங்கே யுரேனியச் சுரங்கம் அரசின் கையில் இருக்கிறது; வெளிநாட்டில் முதலீடு செய்யும் ஃபண்டு வழியாகத்தான் போக முடியும்; பதினோரு மாதத்தில் தேவைப்படும் பணத்துக்கு அது இடமில்லை என்றும் சொன்னேன்.

"அண்ணே, முப்பத்து நாலு வருஷம் பாய்லர் வெல்டு பண்ணவன் நான். அணு உலைன்னாலும் தண்ணிதானே கொதிக்குது, எனக்குத் தெரியாதா?"

வரம்பு

மூன்று முறை மறுத்தேன். நான்காவது முறை சரி என்றுவிட்டேன். ஃபண்டு அலுவலகத்தில் கேட்டால், புதுப் பணம் வாங்குவதில்லை என்றார்கள். வெளிநாட்டுக்குப் போகும் முதலீட்டுக்கு அரசுத் தரப்பில் ஒரு வரம்பு உண்டு, அது நிரம்பிவிட்டதாம். எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய வேறொரு ஃபண்டில் பணத்தைப் போட்டுவிட்டு, வாராவாரம் போய் விசாரித்தேன். என் நோட்டில் ஒன்பது தடவைதான் இருந்தது. கவுண்டரில் இருந்த பெண் சொன்னாள்: "சார், திறந்தா நானே போன் பண்றேன். பத்து தடவை வந்துட்டீங்க."

பேனா

ஒரு புதன்கிழமை பதினொன்றே முக்காலுக்குப் போன் செய்தாள். வரம்பில் கொஞ்சம் இடம் வந்திருக்கிறது, இன்று மட்டும், இரண்டு மணிக்குள் படிவம் வேண்டும். கன்டோன்மென்டிலிருந்து ஸ்கூட்டரில் காவிரிப் பாலம் தாண்டி அவர் வீட்டு மாடி ஏறியபோது பன்னிரண்டு எட்டு. ராகு காலம் தொடங்கி எட்டு நிமிடம்.

செல்வராஜ் பேனாவைத் திறந்தார். அவர் மனைவி மல்லிகா அதை வாங்கி, மூடி, ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டார். மோர் வந்தது. மூவரும் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். ஒன்று முப்பத்தொன்றுக்குக் கையெழுத்து ஆயிற்று. பாலத்தில் நெரிசல். கவுண்டருக்குப் போனபோது இரண்டு ஆறு. வாங்க மாட்டோம் என்றார்கள்.

திரும்பிப் போய்ச் சொன்னேன். செல்வராஜ் பேனாவை எடுத்து மறுபடி ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். மல்லிகாதான் சொன்னார்: "கல்யாணப் பணம்ண்ணே. ஆறு நிமிஷம் போனா போகட்டும்."

பந்தி

கார்த்திகையில் யுரேனியம் வாங்கும் ஒரு வெளிநாட்டின் அரசு, புது உலைத் திட்டங்களைத் தள்ளிவைத்தது. அந்த ஃபண்டு விழுந்தது. தை பிறந்தும் எழவில்லை. செல்வராஜின் ஆறு லட்சம் குறையாமல் வந்து, கல்யாணம் நடந்தது. பந்தியில் என்னைச் சம்பந்திக்குக் காட்டினார்: "இவருதான் நம்ம ஏஜென்ட். பணத்தைக் காப்பாத்தினது ராகு காலம். ஃபாரம் எடுத்துட்டு வந்தது இவரு."

மூன்று முறை வேண்டாம் என்று நான் சொன்னது தேதியோடு நோட்டில் இருக்கிறது, கேட்பவர் யாரும் இல்லாததால் பாயசம் மட்டும் இன்னொரு முறை வாங்கிக்கொண்டேன்.