பச்சைச் சட்டையை எங்கே கழற்றுவது

துணிக்கடைப் பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் கிளி. ஆஸ்பத்திரியின் பச்சைச் சட்டையும் பச்சைக் கால்சட்டையுமாகச் சாயங்காலம் ஐந்தே காலுக்கு டாண் என்று கடைக்குள் நுழைவாள். கைக்கு வந்த ஒரு குர்தாவை எடுத்துக்கொண்டு உடை மாற்றும் அறைக்குள் போவாள். வெளியே வரும்போது பையில் கொண்டுவந்த தன் பழைய சுடிதாரில் இருப்பாள். "அளவு சேரலம்மா" என்று குர்தாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுவாள். நான்கு மாதமாக உலகத்தில் ஒரு குர்தாகூட அவளுக்குச் சேரவில்லை.

கிளிக்கு வேலை அறுவை சிகிச்சை வார்டில். நோயாளிகளைப் புரட்டிப் படுக்க வைப்பது, மலச்சட்டி எடுப்பது, சீழ் வைத்த புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்வது. வீட்டில் ஆறு வயது மகள். ஏழு மாதத்துக்கு முன்னால் அப்பாவின் சிறுநீரகங்களில் ஒன்றை எடுத்து அவளுக்கு வைத்திருந்தார்கள். அதை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே மாத்திரை கொடுத்து அடக்கி வைத்திருந்தார்கள். மற்ற பிள்ளைகளுக்குச் சளியோடு போவது அவளுக்கு உயிரோடு போய்விடும்.

"வேலைக்குப் போட்ட துணியோட குழந்தைகிட்ட போகாதீங்க. உங்களுக்குத் தெரியாததா?" என்றார் டாக்டர்.

தெரியும். அதுதான் கொடுமை. தெரியாத புண்ணியவான்கள் அதே பச்சைச் சட்டையோடு டீ குடிக்கிறார்கள், தக்காளி பொறுக்குகிறார்கள், ராத்திரி நன்றாகத் தூங்கவும் செய்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் பெண்கள் உடை மாற்ற ஓர் அறை இருந்தது. புதிய ஸ்கேன் மிஷின் வந்தபோது, அதன் அட்டைப் பெட்டிகளை வைக்க இடம் வேண்டும் என்று அதைப் பூட்டினார்கள். அடுத்த வாரமே சுற்றறிக்கை: 'ஊழியர்கள் சீருடையுடன் பொது இடங்களுக்குச் செல்லக் கூடாது.' அதை எங்கே ஒட்டினார்கள் தெரியுமா? பூட்டிய அதே கதவில். இவர்களை என்ன சொல்லித் திட்டுவது? கேட்கப் போன கிளியிடம் மேனேஜர், "அதான் கழிப்பறை இருக்கே" என்றார். வார்டு முழுக்க வந்து போகிற அந்த ஈரத் தரையில் நின்று துணி மாற்றுவதும் ஒன்றுதான், மாற்றாமல் இருப்பதும் ஒன்றுதான். அப்படித்தான் அவள் துணிக்கடையைக் கண்டுபிடித்தாள்.

அன்று உடை மாற்றும் அறையின் வாசலை மறித்துக்கொண்டு கடைப்பெண் நின்றாள். அவளுக்கு ஏழு மாத வயிறு.

"குர்தாவ வெச்சிட்டுப் போங்கக்கா. நீங்க வாங்க மாட்டீங்கன்னு எனக்கு என்னைக்கோ தெரியும்."

கிளிக்கு முகம் செத்துப்போனது. மகள், மாத்திரை, பூட்டிய அறை, எல்லாவற்றையும் அங்கேயே கொட்டித் தீர்த்தாள்.

"அஞ்சே நிமிஷம்மா. உன் கால்ல வேணும்னாலும் விழறேன்."

கடைப்பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் நகரவில்லை.

"கழட்டின சட்டைய எங்கக்கா மாட்டுவீங்க?"

"உள்ள இருக்குற கொக்கியில."

"அதே கொக்கியில கிடக்குற துணியத்தான் தினமும் நான் வாரி நெஞ்சோட அணைச்சு எடுத்துட்டுப் போறேன். உங்க பாப்பாவுக்கு ஆகாதது என் வயித்துல இருக்குறதுக்கு மட்டும் ஆகுமா?"

இதில் குற்றம் கண்டுபிடிக்க முடிந்தால் நீங்கள் கண்டுபிடியுங்கள். கிளியால் முடியவில்லை. ஒரு நோயாளியைத் தொட்டுவிட்டுக் கை கழுவாமல் அடுத்தவரைத் தொடாதவள் அவள். அந்தக் கொக்கியைப் பற்றி மட்டும் நான்கு மாதமாக ஒரு நாளும் நினைத்ததில்லை. குர்தாவை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

வேறு இடம் தேட நேரமில்லை. ஏழு மணிக்குக் கணவன் காவல் வேலைக்குப் போயாக வேண்டும், மகளைத் தனியே விட முடியாது. சட்டையோடே பஸ் ஏறினாள். ஒரு பெரியவர் எழுந்து, "உக்காருங்க சிஸ்டர், நீங்கல்லாம் தெய்வம்" என்றார். ஒரு பெண் தன் குழந்தையை இழுத்து அணைத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். தெய்வம் என்றவரைவிட மூக்கைப் பொத்தியவளே விவரமானவள் என்று கிளிக்குப் பட்டது. யார் மேலும் படாமல், கம்பியை ஒற்றை விரலால் பிடித்தபடி வாசலோரமே நின்று வந்தாள்.

அவர்கள் வீடு முதல் மாடியில் ஒற்றை அறை. படிக்கட்டிலிருந்து நேராகக் கதவு. தலையைக் கண்டதுமே மகள் ஓடி வந்தாள்.

"ஏங்க, பாப்பாவப் புடிங்க! கதவச் சாத்துங்க!"

மகள் பயந்து அப்படியே நின்றுவிட்டாள். கதவு சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து கணவன், "நேரமாச்சும்மா" என்றான்.

படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று சட்டையைக் கழற்றினாள். மேலே காலடிச் சத்தம். குப்பைக் கூடையோடு மாடி வீட்டுக்காரி இறங்கி வந்தாள். கிளி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். உடம்பு கூசிப்போனது. அவசரமாகச் சுடிதாருக்குள் கையை நுழைத்தாள். பிறகு பச்சைத் துணியை இரட்டைப் பையில் போட்டு முடிந்து, வழக்கம்போலக் கதவுக்கு வெளியே ஆணியில் மாட்டினாள். மகள் தூங்கிய பிறகு கொதிநீரில் ஊற வைப்பாள். கணவன் பாதிப் படியில் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே ஓடினான்.

அவள் குளித்து வந்தபோது கதவு தட்டப்பட்டது. மாடி வீட்டுக்காரி.

"அந்தப் பையில ஆஸ்பத்திரித் துணியா? இத்தன நாளும் இங்கதான் மாட்டினியா? எம்புள்ளைங்க இந்தப் படியிலதாம்மா விளையாடுது. மொதல்ல எடு."

கிளி எடுத்தாள். உள்ளே வைக்க முடியாது. ஜன்னலுக்கு வெளியே கட்டிவிடலாம் என்று கையை நீட்டிக் கீழே பார்த்தாள். கீழ் வீட்டுக் கொடியில் கைக்குழந்தையின் துணிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

எட்டு மணி. மேசையில் கைப்பேசி அலறியது.

"அம்மா, மாத்திர நேரம்."

"கேக்குது கண்ணு. கிட்ட வராத."

"ஏம்மா அப்படியே நிக்கிற? பைய வெச்சிட்டு வாயேன்."

"வெக்கிறேன்டா," என்றாள் கிளி. எங்கே என்று மகள் கேட்டுவிடக் கூடாதே என்றிருந்தது அவளுக்கு.