ஒரு மணிக்கு மூடும் பாதை

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அவரை மாஸ்டர் என்பார்கள். மலை ஓட்டக்காரர்கள் வைத்த பெயர் கத்தரி. தொழிற்சாலையில் அவர் துணி வெட்டுகிறவர். மேஜைமேல் விரித்த துணியில் கோடு போட்டாரென்றால் ஒரு நூல் பிசகாது. மலையில் நேரம் தவறி வருகிறவர்களின் நம்பர் அட்டையை வெட்டுகிறவர். அங்கும் பிசகாது என்றுதான் ஊரே நம்பிக்கொண்டிருந்தது.

ஆண்டுக்கு ஒருமுறை அந்த மலையில் முப்பத்தைந்து கிலோமீட்டர் ஓட்டம் நடக்கும். வழியில் நான்கு சோதனை நிலையங்கள். மூன்றாவது அவருடையது. மடக்கு மேஜை, இரண்டு தண்ணீர் டிரம், முதலுதவிப் பெட்டி, ஒரு நோட்டு, ஒரு கத்தரிக்கோல், அவ்வளவுதான் சாம்ராஜ்யம். அதைத் தாண்டினால் பாறை முகடு. அங்கே இரண்டு மணி நேர ஓட்டத் தூரத்துக்கு வண்டி வர வழியில்லை, ஒதுங்க இடமில்லை, மதியத்துக்குமேல் பனிமூட்டம் இறங்கிவிட்டால் நீட்டிய கை தெரியாது. ஆகவே விதி: ஒரு மணிக்குள் வராதவர் அதற்குமேல் போகக்கூடாது. அட்டையின் மூலையை வெட்டி, நோட்டில் கையெழுத்து வாங்கி, வேனில் உட்கார வைப்பார்கள். மழைக் கோட்டும் விசிலும் பையில் இல்லாதவருக்கும் அதே கதிதான்.

விதி யாருக்கு இனிக்கும்? அவரிடம் அழுதவர்கள் உண்டு, வாய்க்கு வந்தபடி திட்டியவர்கள் உண்டு, மயக்கம் போட்டதுபோல நடித்த ஒரு கல்லூரிப் பேராசிரியர்கூட உண்டு. "கத்தரிகிட்ட கடவுளே வந்தாலும் ஒரு மணிக்குள்ள வரணும்" என்று ஓட்டக்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை. ஆனால் அந்தக் கண்டிப்பு பிறவியில் வந்ததல்ல.

ஆரம்ப காலத்தில் அவர் இளகிய மனசுக்காரர். ஆறு வருடத்துக்கு முன்னால் கடிகாரம் பழுதுபார்க்கிற ஒருவர் ஏழு நிமிடம் தாமதமாக வந்து, கையைப் பிடித்துக் கெஞ்சினார். ஏழு நிமிடத்தில் என்ன குடி முழுகிவிடப்போகிறது என்று விட்டார். முகட்டில் பனி இறங்கி, அந்த மனிதர் பாறையிடுக்கில் விழுந்து, மறுநாள் காலையில்தான் கண்டெடுத்தார்கள். வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. "நான் கெஞ்சினேன், நீங்க விட்டீங்க. தப்பு பாதி பாதி" என்று கடிகாரக்காரர் ஒருநாளும் முகம் சுளிக்காமல் சொல்வார். தானே பழுதுபார்த்த கைக்கடிகாரம் ஒன்றை மாஸ்டருக்குக் கொடுத்தார். ஒவ்வொரு பந்தயத்துக்கும் முதல்நாள் மாஸ்டர் அவருடைய கடைக்குப் போய் நொடி பிசகாமல் அதைச் சரிசெய்துகொள்வார்.

மாஸ்டருக்கு ஒரே மகள். பன்னிரண்டு வயதில் தாயை இழந்தவள். இப்போது ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இரண்டு வருடமாக விடியலில் எழுந்து ஓடிப் பழகி, போன ஆண்டுப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தாள். சமையலறை மேஜையில் படிவத்தை விரித்து, 'ஆபத்து நேரத்தில் அழைக்க வேண்டியவர்' என்ற கட்டத்தில் அப்பாவின் நம்பரை எழுதினாள்.

"நான் மலைமேல இருப்பேன்மா, சிக்னல் கிடைக்காது. வேற யாரையாவது எழுது."

"வேற யாரு இருக்கா எனக்கு?" என்றாள். பிறகு, "நான் லேட்டா வந்தா என்ன பண்ணுவீங்க?"

"வெட்டிடுவேன்."

"வெட்டலேன்னாதான் உங்களோட பேசமாட்டேன்" என்று சிரித்தாள். அவளுக்குத் தாயும் அவர், தகப்பனும் அவர், போதாக்குறைக்குச் சட்டமும் அவர்தான். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரியும்.

பந்தயத்தன்று அவள் வளைவில் தலைகாட்டியபோது மணி ஒன்று நான்கு. முழங்காலெல்லாம் சேறு. கெஞ்சவில்லை. "நாலு நிமிஷம் லேட்பா" என்று சொல்லி, ஊக்குகளைத் தானே கழற்றி அட்டையை மேஜையில் வைத்தாள். அவர் மூலையை வெட்டினார். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு, அலுமினியப் போர்வையைச் சுற்றிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள்.

"அழாதம்மா."

"நீங்க வெட்டினதுக்கு அழலப்பா. நான் மெதுவா வந்ததுக்கு அழறேன்."

இப்படியொரு பெண்ணைப் பெற்றோமே என்று அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஏழு நிமிடம் நிமிர்ந்திருந்தது.

ஒன்று பதினொன்றுக்கு அவருடைய தொழிற்சாலை முதலாளி, அவரும் ஓட்டக்காரர்களில் ஒருவராக, நம்பர் அட்டையோடு ஓடி வந்து சேர்ந்தார். அந்த ஆண்டுப் பந்தயமே அவர் தயவில் நடந்தது. எல்லோருடைய நெஞ்சிலும் குத்தியிருந்த அட்டையில் அவர் கம்பெனிப் பெயர்தான் பெரிதாக இருந்தது.

"என்ன மாஸ்டர், கடையைச் சாத்திட்டீங்களா?"

"மணி ஒண்ணு தாண்டிடுச்சுங்க சார்."

"அப்படியா? உங்க வாட்ச் கொஞ்சம் வேகமா ஓடுதோ என்னமோ" என்று முதலாளி சிரித்தார். "கீழ எங்க வீட்டு ஆளுங்க எல்லாம் கேமராவோட காத்துட்டிருக்காங்க."

அவ்வளவுதான் சொன்னார். அதட்டவில்லை, வேலையைப் பற்றி மூச்சு விடவில்லை. மிரட்டியிருந்தாலாவது பிற்பாடு சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு மிஞ்சியிருக்கும். பாவி மனிதர் சும்மா சிரித்துக்கொண்டு நின்றார், மாஸ்டருக்கு இருபத்திரண்டு வருட வேலை கண்முன்னால் வந்து நின்றது.

"இருக்கலாம் சார்" என்றார் மாஸ்டர். கடிகாரக்காரர் கொடுத்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் அதைச் சொன்னார். நோட்டில் மகளின் ஒன்று நான்குக்குக் கீழே பன்னிரண்டு ஐம்பத்தொன்பது என்று எழுதினார். கண்ணுள்ள எவர் பார்த்தாலும் சிரித்திருப்பார்கள். நோட்டை எட்டிப் பார்த்தவர் வேன் ஓட்டுநர் ஒருவர்தான். அவர் துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாயிருந்த வேன் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

முதலாளியிடம் மழைக் கோட்டும் இல்லை. மாஸ்டர் தன்னுடையதைக் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டார். அதுதான் இந்தக் கதையைச் சொல்கிற என்னால் பொறுக்க முடியாதது. ஆபத்து தெரியாத ஆளா அவர்? தெரிந்ததால்தானே கோட்டைக் கொடுத்தார்!

மகள் பெஞ்சில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை நின்றிருந்தது.

அதன்பின் இரண்டு மணி நேரம் மாஸ்டர் முகட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பனி இறங்கியது. வாக்கி-டாக்கி கரகரக்கும்போதெல்லாம் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். கடைசியில் செய்தி வந்தது: முதலாளி பத்திரமாக இறங்கிவிட்டார், பதக்கம், மாலை, கைதட்டல். ஒன்றுமே ஆகவில்லை. ஒரு கணம், ஒரே கணம், ஏதாவது ஆகியிருக்கக்கூடாதா என்று அவருக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதை நினைத்து அவர் இன்றைக்கும் கூசுகிறார்.

சாயங்காலம் வீட்டில் மகள் கேட்டாள்: "கடிகாரக்கார அண்ணன்கிட்ட என்னப்பா சொல்லப் போறீங்க?"

"உனக்கு மேல ஒருத்தர் உட்கார்ந்திருந்தா உனக்கும் புரியும்மா."

"உட்கார்ந்திருக்காரு. போன மாசம் ஒரு ரிப்போர்ட்டை மாத்தி எழுதச் சொன்னாரு. மாட்டேன்னேன். யாரை மனசுல வெச்சுக்கிட்டு அப்படிச் சொன்னேன்னு நினைக்கிறீங்க?"

திங்கட்கிழமை கோட்டு துவைத்து, தேய்த்து, மடித்து வந்தது. முதலாளி பதக்கத்தோடு நிற்கும் படத்தைப் பெரிதாக்கி வெட்டும் அறைச் சுவரில் மாட்டினார்கள், மாஸ்டரின் மேஜைக்கு நேர் எதிரே. கூட வேலை செய்கிறவர்கள் முகத்துக்கு நேரே எதுவும் சொல்லவில்லை. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்று முதுகுக்குப் பின்னால் யாரோ சொன்னது மட்டும் காதில் விழுந்தது. இரண்டு மாதத்தில் மகள் மருத்துவமனைக்குப் பக்கத்தில் அறை எடுத்துக்கொண்டு போனாள். வேலைக்கு வசதி என்றாள்.

இந்த ஆண்டு விலகிக்கொள்ளப் பார்த்தார். "மாஸ்டர் இல்லாம ரேஸா?" என்று முதலாளி தோளில் தட்டிவிட்டார். கடிகாரத்தைச் சரிசெய்ய அவர் அந்தக் கடைக்குப் போகவில்லை. முதல்நாள் நிலையப் பொறுப்பாளர்களுக்கு ஓட்டக்காரர் பட்டியலைக் கொடுத்தார்கள். அதில் மகளின் பெயர் இருந்தது. ஆபத்து நேரத்தில் அழைக்க வேண்டிய நம்பர் என்ற இடத்தில் இருந்தது அவருடையதல்ல. அவருக்கு மனப்பாடமான நம்பர்தான், கடிகாரக்காரருடையது.

மறுநாள் அவள் வந்தபோது ஒரு மணிக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது. பையைத் திறந்து கோட்டையும் விசிலையும் காட்டினாள். அட்டை எண்ணைச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார்.

"தண்ணி குடிச்சிட்டுப் போம்மா. நேரம் இருக்கு."

"மணி என்ன?"

"பன்னிரண்டு இருபது."

அவள் தன் மணிக்கட்டைத் திருப்பி, தன் கடிகாரத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு, முகட்டுப் பாதையில் ஏறி ஓடினாள்.