சரிவில் நிறுத்தாத கார்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வீட்டு வரிசையில் காரைச் சமதரையில் நிறுத்தியவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் சாலைச் சரிவில், மூக்கு கீழே பார்க்க நிறுத்தி, முன்சக்கரத்துக்கு ஒரு கல் வைப்பார்கள். காலையில் கல்லை எடுத்துவிட்டு, கார் உருளும்போது இரண்டாம் கியரில் கிளட்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஸ்டார்ட்டர் செத்துப் பல வருடமானாலும் கழற்றிப் பார்க்க மாட்டார்கள். தங்கள் சோம்பலுக்கு மலையைத் துணைக்கு வைத்திருக்கிறார்கள் என்பேன். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், வாய் கூசியதில்லை.

அவர்களில் நான் அதிகம் இகழ்ந்தது என் மனைவியின் தம்பியை. மலைமேல் இருக்கும் கம்போங் ராஜாவிலிருந்து கீழே ஈப்போ நகரத்துக்குக் காய்கறி லோரி ஓட்டுகிறவன். எந்தக் கோளாறுக்கும் அவனிடம் ஒரே மருந்து, சுத்தியல்.

என் காரின் ஸ்டார்ட்டர் கரகரவென்று அரைக்கத் தொடங்கியது. சாவியைத் திருப்பினால் தகரத்தை ரம்பத்தால் அறுப்பதுபோல் சத்தம். அவன் சுத்தியலோடு வந்து நின்றான்.

"ரெண்டு தட்டு தட்டுனா சரியாயிரும் மச்சான்."

"உன் தலையில தட்டிப் பாரு. அதுதான் காலியா இருக்கு."

சிரித்துக்கொண்டே போனான். தன்னை அவமதிக்கிறார்கள் என்றே தெரியாத ஆளை அவமதிப்பதில் சுகமில்லை. அதற்காகவும் எனக்கு அவன்மேல் எரிச்சல்.

நானே கழற்றினேன். ஸ்டார்ட்டரின் சின்னப் பல்சக்கரம் நைந்திருந்தது. புதிதாக ஒன்று வாங்கி மாட்டுமுன், ஸ்டார்ட்டர் உட்காரும் ஓட்டை வழியாக, அந்தச் சின்னச் சக்கரம் பிடித்துச் சுற்றும் ஃப்ளைவீலின் பல் வளையத்தைப் பார்த்தேன். மனைவி டார்ச் பிடித்தாள். எஞ்சினைக் கையால் சுற்றியபோது ஓரிடத்தில் ஏழெட்டுப் பற்கள் வழவழவென்று தேய்ந்திருந்தன. எஞ்சின் அந்த இடத்தில் நின்றால் புதுச் சக்கரமும் பிடிக்காது, அரைக்கும். பல் வளையத்தை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும், பட்டறைக்குப் போக வேண்டும். லயம் முழுக்க 'நானே சரிசெய்கிறேன்' என்று சொல்லி வைத்திருந்தேன். பார்த்தேன், சொல்லவில்லை, புதுச் சக்கரத்தை மாட்டி மூடிவிட்டேன். சாவியைத் திருப்பினேன், ஒரே பிடியில் கிளம்பியது. நாலு பேர் பார்க்கும்படி இரண்டு முறை அணைத்து அணைத்துக் கிளப்பிக் காட்டினேன்.

அந்த வாரம் மனைவிக்கு ஈப்போ மருத்துவமனையில் இடது கண்ணுக்கு அறுவை சிகிச்சை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது. தேதிக்காக மாதக்கணக்கில் காத்திருந்தோம். முதல்நாள் சாயங்காலம் தம்பி வந்தான்.

"அக்காவ நான் லோரில கூட்டிட்டுப் போறேன்லா. விடியுமுன்ன எறங்கிருவேன்."

"உங்க அக்கா முட்டைக்கோஸ் மூட்டை இல்ல."

"சரி, காடியையாச்சும் சரிவுல விடுங்க மச்சான்."

"ஸ்டார்ட்டர் இல்லாதவன் விடுவான்."

சமதரையிலேயே விட்டேன்.

காலையில் சாவியைத் திருப்பினேன். அரைத்தது. லயத்தார் வெளியே வந்து பார்த்தார்கள். கியரில் போட்டுக் காரை ஆட்டியிருந்தால் ஃப்ளைவீல் கொஞ்சம் நகர்ந்து நல்ல பற்கள் வந்திருக்கும். அது எனக்குத் தெரியும். ஆனால் அத்தனை பேர் முன்னால் இறங்கிக் காரை உலுக்க மனம் வரவில்லை. திரும்பத் திரும்பச் சாவியை முறுக்கினேன். கடைசியில் பல்லோடு பல் சிக்கி இறுகிக்கொண்டது. பிறகு கியரில் போட்டு ஆட்டினோம், தள்ளினோம், சிக்கிய பல் விடவில்லை. லோரி எப்போதோ மலையிறங்கிப் போயிருந்தது. வேறு கார் கிடைத்து நாங்கள் ஈப்போ சேர்ந்தபோது அறுவை நேரம் முடிந்திருந்தது. மறு தேதி வருமுன் அந்தக் கண் போய்விட்டது.

தம்பிதான் எனக்கு ஆறுதல் சொன்னான். "மெஷின்தானே மச்சான். அதுக்கு நீங்க என்னா செய்வீங்க." இன்றும் அவனை என்னால் மதிக்க முடியவில்லை. அவன் மன்னிப்பைப் பெற்றுக்கொண்டு திரியும் என்னை அதைவிடக் குறைவாகத்தான் மதிக்கிறேன்.

பிறகு பட்டறையில் பல் வளையத்தை மாற்றினேன். கார் இப்போது எங்கே நிறுத்தினாலும் கிளம்பும். ஆனாலும் சரிவில்தான் நிறுத்துகிறேன்; மனைவி சொல்லிவிட்டாள். கல்லையும் அவளே வைக்கிறாள், இடது பக்கச் சக்கரத்தைக் காலால் தடவிப் பார்த்து.

போன மாதம், அவள் கல்லை வைத்து நிமிர்ந்தபோது, தேய்ந்த பற்களை அன்றே பார்த்துவிட்டதைச் சொன்னேன்.

"தெரியும்," என்றாள். "டார்ச்ச நான்தானே புடிச்சேன். பல்லு எனக்குத் தெரியல. ஒங்க மூஞ்சி தெரிஞ்சிச்சு."

"ஏன் கேட்கல?"

"கேட்டா, தம்பி தல மாதிரி எந் தலையும் காலின்னிருப்பீங்க."

கை மண்ணைத் தட்டிவிட்டு வீட்டுக்குள் போனாள்.