ஆறாம் கூடத்துக் குளிர்காலக் கஞ்சா

“கஞ்சா வளர்க்கவோ பிள்ளை, நீ கம்பஸ் வரைக்கும் படிச்சனீ?”

மெல்பேர்னில், கிளேட்டன் பக்கம் நான் அறை எடுத்திருக்கும் வீட்டின் தவம் அன்ரி இதைக் கேட்டபோது குசினியில் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தார். கேள்வியில் கோபம் இல்லை, உண்மையான கவலை இருந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரு சட்டம் வந்தது. வேலைச் சட்டையோடு முன்வாசலால் வரக்கூடாது. கராஜில் உடுப்பு மாற்றி, பையில் கட்டி வைத்துவிட்டு, தலை முழுகிய பிறகுதான் உள்ளே வரலாம். கஞ்சாச் செடியின் மணம் லேசில் போகாது. ரயிலில் என் பக்கத்தில் வந்து உட்காருகிறவர்கள் ஒருமுறை மூக்கை உறிஞ்சிவிட்டு, என் பொட்டையும் பின்னலையும் பார்த்துக் குழம்பிப்போவார்கள். ஒருநாள் ஒரு இளைஞன் மெல்லக் குனிந்து, எங்கே கிடைக்கும் என்று கேட்டான். “டாக்டரிடம் போ, மருந்துச்சீட்டு வாங்கு” என்றேன். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான். நான் சொன்னதோ முழு உண்மை.

வெள்ளிக்கிழமைகளில் அன்ரியின் காரில் கோயிலுக்குப் போகும்போது சட்டம் இன்னும் இறுகும்.

“முருகனுக்கு முன்னால இந்த மணத்தோடயோ நிக்கப்போறாய்?”

“அவற்ர தகப்பனுக்குப் பிடிச்ச மணம்தானே அன்ரி.”

“வாய் மட்டும் நல்லா வளர்ந்திருக்கு உனக்கு!”

ஊரில் இருப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே வலிக்கும் வலிப்புக்கும் மருத்துவர்கள் எழுதித் தரும் மருந்து இந்தச் செடியிலிருந்து வருகிறது. நான் வேலை செய்யும் கண்ணாடிக்கூடங்கள் அரசின் உரிமம் பெற்றவை. இரண்டு வேலி, எங்கும் கமரா, உள்ளே போக அட்டை, வெளியே வரச் சோதனை. கிளிநொச்சியில் விவசாய பீடத்தில் படித்துவிட்டு இங்கே வந்த நான், முதலில் பொதி அறையில் காய்ந்த பூக்களை நிறுத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு வைகாசியில், இங்கே குளிர் தொடங்கும் நேரம், எங்கள் தலைமை வளர்ப்பாளர் டீனிடம் போய், குளிர்காலத்தில் ஒரு கூடத்தை எனக்குத் தரும்படி கேட்டேன்.

கஞ்சாச் செடி பொதுவாகப் பகலின் நீளத்தைப் பார்த்துத்தான் பூக்கும். பகல் குறுகினால் பூக்கும் காலம் வந்துவிட்டது என்று எண்ணிக்கொள்ளும். அதனால் நீண்ட பகல் உள்ள கோடையில், பின்னேரமானதும் கூடத்தின் மேல் கறுப்புத் திரையை இழுத்து இரவை முந்தியே வரவழைப்பார்கள். குளிர்காலத்திலோ செடி வளர முன்னரே பூத்துக் குள்ளமாக நின்றுவிடும். ஆகவே அந்த மாதங்களில் கூடங்களைக் கழுவி, ஓட்டை அடைத்துச் சும்மா போட்டுவிடுவது இங்கே வழக்கம். நான் கேட்டது வேறொரு இனத்துக்காக. ஆங்கிலத்தில் ஓட்டோ ஃபிளவர் என்பார்கள். கோடை சில வாரங்களே நீடிக்கும் வடக்கு நாடுகளில் தோன்றிய இனம். வெயிலைக் கேட்காது, தன் வயது வந்ததும் தானாகவே பூக்கும்.

“குளிர்காலம் குழாய் திருத்துற காலம்” என்றார் டீன். பிறகு தலையைச் சொறிந்து, “ஆறாம் கூடத்தை எடு. பிழை விட்டால் திரும்பப் பொதி அறைதான்” என்றார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அம்மாவும் அப்பாவும் கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியில் பிறர் தோட்டங்களில் கூலிக்கு நின்றவர்கள். பீடத்தில் இரண்டாம் வருடம் படிக்கும்போது, அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன இடத்தில் மிளகாய்க் கன்றுகளின் அடி அழுகிக் கிடப்பதைக் கண்டேன். தண்ணீர் கூடிவிட்டது என்று தோட்டக்காரரிடம் சொன்னேன். “இஞ்ச பாருங்கோ, கூலிக்காரியின்ர பெட்டை எனக்குத் தோட்டம் படிப்பிக்குது” என்று வேலைக்காரர் எல்லோரும் கேட்கச் சொன்னார். அம்மா என் கையைப் பிடித்து அமத்தினாள். அந்தப் பிடியின் அர்த்தம் எனக்குத் தெரியும். பேசினால் நாளைக்கு வேலை இல்லை.

ஆறாம் கூடத்தில் விதைகளை நேரடியாகப் பெரிய சாடிகளிலேயே போட்டேன். இந்த இனத்துக்கு வாழ்நாள் குறைவு. இடம் மாற்றி நட்டாலோ நுனி கிள்ளினாலோ தேறி வர அதற்குக் காலம் போதாது. சின்னக் கன்றைப் பெரிய சாடியில், அதுவும் குளிரில் வைத்தால் வேர் அழுகும் என்று டீன் எச்சரித்தார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. குழாய்ப் பாசனத்தை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் தகரப் பேணியால் ஒரு வளையமாக மட்டும் தண்ணீர் விட்டேன். மாலையில் சூடேற்றியை ஓடவிட்டுக்கொண்டே கூரைச் சாளரத்தைச் சற்றுத் திறப்பேன், ஈரம் வெளியேற. “மாட்டுக்கும் சேர்த்துச் சூடு குடுக்கிறாய்” என்று டீன் பக்கத்து மேய்ச்சல் நிலத்தைக் காட்டிப் பகிடி பண்ணுவார். கன்றுகள் நிமிர்ந்தன. ஆனி மாதத்தில், வெளியே புல் வெள்ளையாக உறைந்து கிடக்க, உள்ளே பூ விட்டன.

ஒரு சனி ஞாயிறு எனக்கு விடுமுறை. டீன்தான் காவல். திங்கட்கிழமை காலை கதவைத் திறந்ததும் ஈரத்துணி வாடை முகத்தில் அடித்தது. மேலே கறுப்புத் திரை முழுதாக இழுபட்டிருந்தது, சாளரம் அதற்குள் அடைபட்டிருந்தது. இலை நுனிகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. மூன்றாம் வரிசையில் சில பூக்களின் நடுவே சாம்பல் நிறப் பூஞ்சணம்.

கஞ்சா வளர்ப்பவனைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாத பிழை அது. பூ கண்டால் பின்னேரம் திரை இழுக்கவேண்டும் என்று பல வருடங்களாகப் பழகிய கை, யோசிக்காமல் இழுத்திருக்கிறது. இரவே தேவைப்படாத செடிகளுக்கு இரவைக் கொடுத்து, காற்றை நிறுத்திவிட்டது.

திரையை விலக்கினேன். சாளரங்களைத் திறந்து, சூடேற்றியைக் கூட்டி, விசிறிகளை ஓடவிட்டேன். பூஞ்சணம் பிடித்த செடிகளைப் பையால் மூடி வேரோடு எடுத்தேன். டீன் வந்து, பையைப் பார்த்து, “நான் சொன்னேன்தானே, குளிர்காலம்” என்றார்.

சரி என்று தலையாட்டியிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும், நானும் பொதி அறைக்குப் போயிருப்பேன். என் கை தானாகவே மற்றக் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். விட்டேன்.

“குளிர்காலம் இல்லை டீன். திரை. நீங்கள் இழுத்தது. இந்தச் செடிக்கு அது தேவையில்லை.”

தகப்பன் வயதுள்ள ஒருவரை, அதுவும் பேர் சொல்லி, முகத்துக்கு நேரே. வேலை போய்விட்டது என்றுதான் நின்றேன். அவர் மேலே திரையைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார். “ஃபேர் எனஃப்”, நீ சொல்வது சரிதான், என்றார். அவ்வளவுதான். தேநீர் போடப் போனார். திரும்பி வந்து திரையின் மோட்டார் வயரைக் கழற்றிவிட்டு, எனக்கும் ஒரு கோப்பை நீட்டினார்.

மீதிச் செடிகள் தேறின. ஆய்வுகூடச் சோதனையில் பூக்கள் சுத்தமாகத் தேறி மருந்துக்குப் போயின. காய்ந்த பூவைக் கையில் உருட்டி டீன் “நொட் பேட்” என்றார். இங்கே அது பெரிய பாராட்டு என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு நாள் பிடித்தது.

அன்று அம்மாவுக்குப் போன் எடுத்து, இவ்வளவு நாளும் பூந்தோட்டம் என்று சொல்லிவந்த வேலையின் பேரை விளங்கச் சொன்னேன். டீனிடம் திரையைப் பற்றிச் சொன்னதையும் சொன்னேன்.

“அது பொலிஸ் பிடிக்கிற சாமான் எல்லோ?”

“இஞ்ச பொலிஸ் காவல் பாக்கிற சாமான் அம்மா.”

அம்மா அதை அத்தோடு விட்டாள். “நீ சொன்னதை அந்த வெள்ளைக்காரன் கேட்டவனோ?”

“ஓம் அம்மா. கேட்டவர்.”

“அப்ப காணும், அது போதும்” என்றாள்.

இந்தக் குளிர்காலத்துக்கு நான் யாரிடமும் கூடம் கேட்கவில்லை. ஐந்தும் ஆறும் ஏழும் எனக்கு என்று டீனிடம் சொல்லிவிட்டு, போன கிழமை மூன்றிலும் விதை போட்டுவிட்டேன். இன்று விடிய ஏழாம் கூடத்தின் கதவைத் திறந்தபோது நிலைப்படியில் சற்று நின்றேன். பின்னால் வைத்த காலின் கீழ் உறைபனி நொறுங்கியது. முன்னால் வைத்த காலில் எங்கள் ஊர்ப் பக்கம் வன்னியின் சித்திரை வெக்கை ஏறியது. இரண்டும் என் கால்கள்தான். பேணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.