மலைக் கிராமத்தில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு

நான் டிரம்பெட் வாசிப்பவன். காஞ்சிபுரத்திலிருந்து ஓரிக்கை போகும் வழியில் எங்கள் தெரு. எங்கள் பேண்டு செட்டில் எட்டுப் பேர். மாப்பிள்ளை அழைப்பு, சாமி ஊர்வலம், சர்ச் பவனி, சாவு எல்லாவற்றுக்கும் போவோம். என் அப்பா ஊரார் நிலத்தில் கூலி வேலை செய்துகொண்டே சர்ச்சில் டிரம்பெட் பழகினார். அவரிடமிருந்து எனக்கு வந்தது. எனக்கு நிலத்து வேலை தெரியாது. ஊதத்தான் தெரியும். அதை வைத்தே இரண்டு பெண்களையும் படிக்க வைத்தேன்.

மூத்தவள் நர்சிங் முடித்து, ஜெர்மன் மொழி பரீட்சையும் எழுதி, ஆஸ்திரியாவில் ஒரு மருத்துவமனையில் வேலைக்குப் போனாள். அங்கே போன மூன்றாம் வருடம் எனக்கு டிக்கெட் அனுப்பினாள். சின்னவளுக்குப் பரீட்சை இருந்ததால் என் மனைவி வரவில்லை. நான் மட்டும் போனேன். மூன்று வாரம் ஊதாமல் இருந்தால் உதடு கெட்டுவிடும் என்று டிரம்பெட்டையும் ஒரு லுங்கியில் சுற்றி எடுத்துப் போனேன். சென்னை விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்ன அதிகாரி, லுங்கியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, தானே திரும்பச் சுற்றி வைத்தார்.

மகள் இருந்தது மலை அடிவாரத்தில் ஒரு சின்ன கிராமம். மாடியில் அவள் வாடகைக்கு இருந்தாள். கீழே வீட்டுக்காரம்மா. என் வயதுதான் இருக்கும், ரொட்டிக்கடை வைத்திருந்தார். காலையில் மகள் வேலைக்குப் போனதும், யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று ஊர்க்கோடிக்குப் போய், ஒரு புல்வெளி ஓரமாக நின்று ஊதுவேன். மாடுகள் வேலிக்கு அந்தப் பக்கம் வரிசையாக வந்து நின்று பார்க்கும். நாலாம் நாள், மாடுகளுக்குப் பக்கத்தில் வீட்டுக்காரம்மாவும் நின்றுகொண்டிருந்தார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து டிரம்பெட்டைக் கீழே இறக்கினேன். அவர் கையை ஆட்டி, ஊது ஊது என்று காட்டினார்.

சாயந்திரம் மகள் விஷயத்தைச் சொன்னாள். அந்த அம்மா ஊர் பேண்டில் பெரிய டிரம் அடிப்பவராம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் இசைத் திருவிழா. சுற்று வட்டார ஊர்களிலிருந்தெல்லாம் பேண்டுகள் வரும். ஒத்திகைக்கு என்னையும் கூப்பிடுகிறார்கள். நான் கொஞ்சம் யோசித்தேன். பிறகு, ஊதுகிறவனுக்கு ஊதுகிற இடத்தில் என்ன கூச்சம் என்று மகளோடு கிளம்பிவிட்டேன்.

ஒத்திகை, தீயணைப்பு வண்டி நிற்கும் கட்டடத்தின் மாடியில். நாற்பது பேர் இருப்பார்கள். பொம்பளைகள் பாதி. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கம்பி ஸ்டாண்டு, அதில் காகிதம். எனக்கும் ஒரு நாற்காலி போட்டு, ஒரு காகிதத்தை வைத்தார்கள். ஐந்து கோடு, அதில் கருப்புக் கருப்பாகப் புள்ளிகள். எனக்கு அது படிக்கத் தெரியாது. எங்கள் செட்டில் யாருக்குமே தெரியாது. முகம் சூடாகிவிட்டது. மகள் பக்கத்தில் குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"படிக்கத் தெரியாதுன்னு சொல்லிடட்டாப்பா?"

"சொல்லும்மா. ரெண்டு வாட்டி வாசிக்கச் சொல்லு. நான் கேட்டுக்கினு இருக்கேன், மூணாவது வாட்டி சேந்துக்கிறேன்னு சொல்லு."

அவள் சொன்னாள். பேண்டை நடத்துபவர் ஒரு தச்சர், உயரமான ஆள். சரி என்று தலையாட்டினார், ஆனால் நம்பினதாகத் தெரியவில்லை. நடைபோடும் மார்ச் பாட்டு ஒன்று வாசித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். புதுப்படப் பாட்டு வெள்ளிக்கிழமை வந்தால், ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்தில் அது வேண்டும் என்று கேட்கிற ஊர் எங்களுடையது. கேட்டுப் பிடிப்பதுதான் எங்கள் படிப்பு. மூன்றாம் தடவை முதல் வரியிலிருந்தே சேர்ந்துகொண்டேன். நடுவில் ஒரு இடத்தில் பிசகியது, உடனே பிடித்துவிட்டேன். முடிந்ததும் தச்சர் தாளம் காட்டும் குச்சியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு எல்லோரும் காலால் தரையைத் தட்டினார்கள். ஒத்திகையில் அதுதான் அவர்களுக்குக் கைதட்டுவது மாதிரியாம்.

இடைவேளையில் ஒவ்வொருவராக வந்து பேசினார்கள். ஒருவர் தபால்காரர், ஒருவர் பால்பண்ணைக்காரர், ஒரு பெண் வங்கியில் வேலை செய்பவள். நான் வேறென்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார்கள். வேறு வேலை கிடையாது, இதுதான் என்று மகள் சொன்னதும் அவர்களுக்கு ஆச்சரியம். அந்த நாற்பது பேரில் வாத்தியத்தை வைத்துக் குடும்பம் நடத்துகிறவர் ஒருவர்கூட இல்லை. அந்த அறையில் நான் ஒருவன்தான் அப்படி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குப் பச்சைக் கோட்டு ஒன்றும், இறகு வைத்த தொப்பியும் கொடுத்தார்கள். தொப்பி காதுவரை இறங்கியது. எங்கள் ஊரில் மாப்பிள்ளைக் காருக்கு முன்னால் நடந்து பழகிய கால், அங்கேயும் தாளம் தப்பாமல் நடந்தது. பதினோரு மணி வெயிலில் ஒன்பது ஊர் பேண்டுகள் சர்ச்சைச் சுற்றி வந்து, ஒரு பெரிய பந்தலுக்குள் போயின. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் தச்சர் என்னை மேடைக்குக் கூப்பிட்டார். என் ஊர் வாசிப்பு ஒன்று வேண்டுமாம்.

மகளிடம் மைக்கைக் கொடுத்து, என்னைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். அவள் ஜெர்மனில் பேசினாள். எனக்குப் புரிந்தது 'காஞ்சிபுரம்' என்ற ஒரு வார்த்தைதான். கூட்டம் கைதட்டியது. என்னம்மா சொன்னே என்று கேட்டேன்.

"எங்கப்பா ஒரு மியூசிஷியன்னு சொன்னேம்பா."

அவளுடைய பள்ளிக்கூட ஃபாரத்தில் தகப்பன் தொழில் என்ற இடத்தில் ஒவ்வொரு வருடமும் 'கூலி' என்றுதான் நான் எழுதச் சொல்வேன். பேண்டு வாசிப்பு என்று எழுதினால், சாவுக்கு ஊதுகிறவன் மகள் என்று பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள் என்று பயம். அவளும் மறுபேச்சில்லாமல் எழுதுவாள். இப்போது ஆயிரம் பேருக்கு முன்னால், நான் கேட்காமலேயே, மைக்கில் சொல்லிவிட்டாள். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு நின்றேன்.

மாப்பிள்ளை அழைப்பில், கார் மண்டபத் தெருவுக்குள் திரும்பும்போது நாங்கள் வாசிக்கும் வாசிப்பு ஒன்று உண்டு. சினிமாப் பாட்டு இல்லை. அப்பா கட்டியது. மெதுவாக ஆரம்பித்து, வாசலை நெருங்க நெருங்க வேகம் எடுக்கும். வீட்டுக்காரம்மாவுக்கு அதன் அடியை என் தொடையில் தட்டிக் காட்டினேன். இரண்டு முறை பார்த்தார், பிடித்துக்கொண்டார். நான் ஊதினேன். வேகம் எடுத்தபோது பந்தலின் பின்பக்கம் யாரோ எழுந்து ஆட ஆரம்பித்தார்கள். அப்புறம் வரிசை வரிசையாக எழுந்தார்கள். தபால்காரர் பெஞ்சு மேலேயே ஏறிவிட்டார். காஞ்சிபுரத்து மாப்பிள்ளையின் சித்தப்பாக்கள் எப்படி ஆடுவார்களோ, கிட்டத்தட்ட அதே ஆட்டம்.

சாப்பாட்டுக்கு மேடைக்கு எதிரே, நடுவிலேயே பேண்டுக்காரர்களுக்கு மேசை போட்டிருந்தது. ஊர்த் தலைவரே தட்டு எடுத்து வந்து கோழி வறுவலை வைத்தார். அப்போதுதான் மகள் சொன்னாள். அவளுக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிப் போயிருந்தேனாம். எல்லாப் பந்தியும் முடிந்த பிறகு, மண்டபத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் பக்கத்தில் நிற்க வைத்து, எங்களுக்குப் பொட்டலம் கொடுத்தார்களாம். எனக்கு அந்தக் கல்யாணம் ஞாபகமில்லை. அப்படி எத்தனையோ. அவளுக்கு அந்த ஜெனரேட்டர் புகை வாசனைகூட ஞாபகம் இருக்கிறது.

"இனிமே அப்படி சாப்பிடாதப்பா," என்றாள்.

சாப்பிட மாட்டேன் என்று சொன்னேன். சொல்லும்போது, ஊரில் இது நடக்குமா என்று எனக்கே தெரியாது.

ஊர் திரும்பிய மறு வாரம், பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒருவர் தன் மகன் கல்யாணத்துக்குப் பேச வந்தார். பட்டு நெய்கிற குடும்பம், தெரிந்தவர்தான். எல்லாம் பேசி முடித்த பிறகு, நான் நேராகச் சொன்னேன்: எங்கள் எட்டுப் பேரும் உங்கள் சொந்தக்காரர்களோடு அதே பந்தியில் உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். சரியென்றால் வருகிறோம். அவர் டீயைக் குடித்து முடித்தார். "உக்காருங்கபா. நானே பரிமாற சொல்றேன்," என்றார்.

அந்தக் கல்யாணத்தில் இரண்டாம் பந்தியில் எட்டுப் பேரும் யூனிஃபாரத்தோடு வரிசையாக உட்கார்ந்தோம். சைடு டிரம் அடிக்கிறவர் வெட்கத்தில் அவசர அவசரமாகச் சாப்பிட்டார். மெதுவா சாப்பிடு, யாரும் எழுப்ப மாட்டாங்க என்று சொன்னேன். பேச வந்த அந்த நெசவாளரே எங்கள் இலைக்குப் பாயசம் கொண்டுவந்தார்.

அதற்குப் பிறகு வந்தவர்களில் இரண்டு பேர் இந்த நிபந்தனைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் கல்யாணங்களுக்கு நாங்கள் போகவில்லை. மற்றவர்கள் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். இந்த வைகாசியில் எங்களுக்கு ஒரு முகூர்த்தம்கூடக் காலியாக இல்லை.